அறுபது வாளி

"எலி நடமாட்டம் ஏதாவது இருக்கா பாய்?" என்று ஜெனிபர் கேட்டாள்.

"இல்லீங்கம்மா, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார் ஜபருல்லா.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பள்ளிவாசலின் மோதினார் அவர். ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பது, பாய் விரிப்பது, தொட்டி கழுவுவது, செத்தவர்களைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. பாங்கு சொல்லும் அதே வாயால், பள்ளிவாசல் கேட்டில் நின்றுகொண்டு, பட்டப்பகலில் ஒரு பொய்.

ஜெனிபர் அரசாங்க சுகாதார நர்ஸ். சிப்காட்டை ஒட்டிய நாலு தெருவுக்கும் அவள்தான். கணுக்கால் வரை மழைச் சேறோடு வந்திருந்தாள். "இத்ரீஸ்னு ஒருத்தர் செவ்வாக்கிழமை காய்ச்சல்ல தவறிட்டாரு. உங்க ஹஜ்ரத் நேத்து அட்மிட் ஆயிருக்காரு. ரெண்டு பேருமே இந்தத் தெரு. ஆஸ்பத்திரில டெங்குன்னு தான் பாத்துக்கினு இருக்காங்க. ஆனா எங்க மேடம், எதுக்கும் தண்ணி, எலி ரெண்டையும் விசாரிச்சுக்கினு வான்னாங்க" என்றவள், உள்ளே எட்டி, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் பெரிய தொட்டியைப் பார்த்தாள். "இது எந்தத் தண்ணி பாய்?"

"கெணத்துத் தண்ணிம்மா. சுத்தமான தண்ணி."

நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஜபருல்லா கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு குனிந்து தன் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். வலி இல்லை. நான்கு நாளாக மணிக்கு ஒரு தரம் இதுதான் அவருக்கு வேலை. கெண்டைக்கால் வலித்தால் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். மூன்று வெள்ளிக்கு முன்னால், அடைமழை விட்ட காலை. பள்ளிவாசல் கிணறு மேலே கம்பி வலை போட்ட உறைக்கிணறு. அந்த வலையின் ஒரு மூலை பிய்ந்து ஆறு மாசம் ஆகிறது. "அதைக் கட்டுய்யா, கட்டுய்யா" என்று முத்தவல்லி அப்துல் சுக்கூர் ஹாஜியார் மூன்று தடவை சொல்லியாயிற்று. பள்ளிவாசல் நிர்வாகம் முழுக்க அவர் கையில். மூன்று தடவையும் ஜபருல்லா தலையாட்டினார், கட்டவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன? அன்றைக்குப் பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால், தண்ணீரில் ஒரு பெருச்சாளி மிதக்கிறது. பக்கத்து இரும்புக் கடை கிடங்கில் வெள்ளம் புகுந்ததில் அங்கிருந்த எலிக் கூட்டமெல்லாம் மேட்டைத் தேடி ஓடி வந்திருந்தது.

வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்ஆவுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. கரண்டும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஐயோ என்று நாலு பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் ஜபருல்லாவுக்குச் சட்டம் தெரியும். அதுதான் வினை. பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத் பரீத் ஆலிம் வாராவாரம் நடத்தும் மார்க்கச் சட்ட வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறவர் அவர். கிணற்றில் ஒரு பிராணி விழுந்து செத்தால் எத்தனை வாளி இறைக்க வேண்டும் என்று அங்கே கணக்கே உண்டு. சின்ன எலி என்றால் இருபது வாளி, பேணுதலுக்கு முப்பது. பூனை அளவு என்றால் நாற்பது, பேணுதலுக்கு அறுபது. அவ்வளவும் இறைத்துவிட்டால் மீதித் தண்ணீர் தொழுகைக்குச் சுத்தம். ஆனால் செத்தது ஊதிப்போயிருந்தால் வாளிக் கணக்கெல்லாம் செல்லாது. கிணற்றில் உள்ள மொத்தத் தண்ணீரையும் இறைத்தாக வேண்டும்.

பெருச்சாளி பூனை அளவு இருந்தது. சரி, அறுபது வாளி என்று ஜபருல்லா முடிவு கட்டினார்.

அது ஊதியும் இருந்தது.

'இது தடிச்ச பெருச்சாளி, பொறவியே இப்படித்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வயிறு டம்மென்று இருந்ததும், ரோமம் கையோடு கழன்று வந்ததும் கண்ணுக்குத் தெரிந்தன. அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். சாக்கில் சுற்றி முள்ளுக்காட்டில் வீசிவிட்டு, அறுபது வாளியை ஒற்றை ஆளாக இறைத்தார். உள்ளங்கை உரிந்து ரத்தம் வந்தது. ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணி, ஐம்பத்தெட்டில் சந்தேகம் வந்து இன்னும் இரண்டு சேர்த்து இறைத்தார். அத்தனை நேர்மை! கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினார். அன்றைக்கு நானூறு பேர் வந்து கழுவினார்கள், தொழுதார்கள், போனார்கள். வலையையும் அன்று சாயங்காலமே கட்டிவிட்டார்.

எட்டாம் நாள் இத்ரீஸுக்குக் காய்ச்சல் கண்டது. ரோலிங் மில்லில் உலை வேலை செய்கிறவன், எருமை மாதிரி உடம்பு. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினாறாம் நாள் ஜபருல்லா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போனார். இத்ரீஸுக்குக் கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. "காலு ரெண்டும் பிச்சுக்கினு போவுது பாய்" என்று இத்ரீஸ் அழுதான். பக்கத்துக் கட்டிலில் சோழவரத்து வயல்காரர் ஒருவர் படுத்திருந்தார். அவர் மனைவி அஞ்சம்மாள் இத்ரீஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க ஊட்டுக்காரருக்கும் இதே கண்ணு, இதே கெண்டக்கால் வலி தாங்க. எலிக் காய்ச்சலாம். எலி மூத்திரம் கலந்த தண்ணில நின்னாலே வந்துடுமாம். நல்ல நேரம், வயல்ல எலி கீதுன்னு நான் சொன்னேன். ஒடனே ஊசி போட்டாங்க" என்றாள்.

ஜபருல்லா கையில் இருந்த பாட்டிலை எங்கே வைத்தார், யாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார், எதுவும் நினைவில்லை. டாக்டர்தான் டெங்கு என்கிறாரே, அவருக்குத் தெரியாதா என்று பஸ் முழுக்கத் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் கழித்து இத்ரீஸ் இறந்துபோனான். குளிப்பாட்டியதும் ஜபருல்லாதான். வேறு யார் செய்வார்கள்?

இத்ரீஸின் தம்பி யாகூப் அடக்கம் முடிந்த கையோடு மில் கேட்டில் போய் நின்றான். மில்லில் வைத்திருக்கும் குடிதண்ணீர் டிரம்தான் அண்ணனைக் கொன்றது என்று அவன் தீர்மானம். கான்ட்ராக்டர் சட்டையைப் பிடித்துவிட்டதாகவும், போலீஸில் எழுதிக்கொடுக்கப் போவதாகவும் தெருவெல்லாம் பேச்சு. அது காதில் விழும்போதெல்லாம் ஜபருல்லா அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவார்.

இப்போது ஹஜ்ரத்தும் படுத்துவிட்டார். நாளைக்கு மறுபடியும் வெள்ளிக்கிழமை. மில் ஆட்கள், லாரிக்காரர்கள், வடக்கேயிருந்து வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர்கள் என்று நானூறு பேர் அந்தத் தொட்டி விளிம்பில் குந்துவார்கள். மூன்று தடவை வாய் கொப்பளிப்பார்கள். மூன்று தடவை மூக்கில் நீரேற்றிச் சிந்துவார்கள். முகம், கை, கால் என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். இதற்குப் பெயர்தான் ஒளு. இது இல்லாமல் தொழுகை இல்லை. இரும்பு வேலை செய்கிறவன் காலில் வெட்டுக்காயம் இல்லாமல் இருக்குமா? அதையும் விடாமல் தேய்ப்பான். நோயை வாயிலும் மூக்கிலும் காயத்திலும் ஏற்றிவிட இதைவிட வசதியான ஏற்பாட்டை ஷைத்தானே யோசித்திருக்க முடியாது.

சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால்? வேலை போகும். பள்ளிவாசல் பின்னறைதான் வீடு, அதுவும் போகும். அது கூடப் பரவாயில்லை. தண்ணீர் சுத்தமில்லை என்றால் ஒளு இல்லை, ஒளு இல்லை என்றால் தொழுகை இல்லை. நானூறு பேருடைய மூன்று வாரத் தொழுகை அத்தனையும் வீண் என்று ஆகிவிடும். மறுமையில் அத்தனை பேரும் வந்து கழுத்தைப் பிடிப்பார்களே!

"இன்னா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? காய்ச்சலா?" என்று மனைவி மைமூன் நெற்றியைத் தொட வந்தாள்.

"தொடாத" என்று கத்திவிட்டார். அவள் மிரண்டு போய் நின்றாள். அவர் செருப்பைக் கூட மாற்றாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். இந்த மாதிரிச் சிக்கலில் மாட்டினால் அவர் எப்போதும் கேட்கிற ஆள் ஒருவர்தான். அவரே கட்டிலில் கிடக்கிறார்.

வார்டு வாசலில் ஹஜ்ரத்தின் மனைவி ஜுலைஹா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரிப்போர்ட் பை. "நேத்து ராவுலேர்ந்து ஒண்ணுக்கே போவலண்ணே. கிட்னின்றாங்க. இன்னிக்கி சாயந்தரம் வரைக்கும் பாத்துட்டு மெட்ராஸுக்குத் தூக்கினு போகச் சொல்றாங்க" என்றாள். அழுது அழுது குரலே இல்லை. "டெங்கு டெஸ்டுல இல்லன்னு வந்துடுச்சாம். இன்னா காய்ச்சல்னே தெரியலன்றாங்க. எனக்குப் பயமா இருக்குண்ணே."

ஜபருல்லா உள்ளே போனார்.

முப்பத்தெட்டு வயசு ஆள், மூன்று நாளில் கிழவராகிக் கிடந்தார். கண் சிவந்து, ஓரத்தில் மஞ்சள். வாணியம்பாடிப் பக்கத்து மதரஸாவில் ஓதியவர். எப்போதும் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். இப்போது உதடு வெடித்து மூச்சு வாங்கியது.

"ஹஜ்ரத், ஒரு மஸ்லா" என்றார் ஜபருல்லா. சட்டத்தில் ஒரு சந்தேகம் என்று அர்த்தம்.

ஹஜ்ரத் மெதுவாகச் சிரிக்கப் பார்த்தார். "இப்பவா? கேளுங்க."

"ஒரு கெணறு. யாரோ ஒருத்தர் கெணறுன்னு வச்சுக்கங்க. பெருச்சாளி செத்துக் கெடந்துச்சு. அறுபது வாளி எறச்சுட்டாரு. தண்ணி சுத்தம் தானே?"

"ஊதியிருந்துச்சா?"

இதைத்தான் கேட்பார் என்று ஜபருல்லாவுக்குத் தெரியும். வரும் வழியெல்லாம் இதற்குத்தான் பயந்துகொண்டு வந்தார். "லேசா."

"லேசான்னு ஒரு கணக்கு கிடையாதே பாய்." ஹஜ்ரத் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் ஜபருல்லா நினைத்தார். அப்புறம் மூடிய கண்ணோடே கேட்டார்: "எப்போ?"

"மூணு வெள்ளிக்கு முன்னாடி."

கண் திறந்தது. யாரோ ஒருத்தர் கிணறு இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. ஜபருல்லா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஊதித்தான் இருந்துச்சு ஹஜ்ரத். தெரிஞ்சுதான் செஞ்சேன். அத்தினி பேரு தொழுகையும் பாழாப் போச்சே. நான் இன்னா பண்ணுவேன், அல்லாவே, நான் இன்னா பண்ணுவேன்?"

"தொழுகையை விடுங்க. கழா பண்ணிக்கலாம். எல்லாரும் திருப்பித் தொழுதுக்கலாம், ஒரு மாசம் ஆகட்டும், ரெண்டு மாசம் ஆகட்டும். உசிருக்குக் கழா கிடையாது பாய்." இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி பேசினார். "தப்பு என் மேலயும் இருக்கு. வாளிக் கணக்கு சொல்லிக் கொடுத்தேனே, அது தொழுகைக்கான கணக்குன்னு சொல்லிக் கொடுக்கல. நோய்க்கு அந்தக் கணக்கு கிடையாது. அறுபது இல்ல, அறுநூறு வாளி இறைச்சாலும் ஒருத்தருக்குத் தீங்கு வரும்னு தெரிஞ்சா அந்தத் தண்ணியைத் தொட விடக்கூடாது. நமக்கும் கேடு வேண்டாம், நம்மால அடுத்தவங்களுக்கும் கேடு வேண்டாம். நம்ம சட்டம் நிக்கறதே அந்தக் காலு மேலதான். நன்மையைத் தேடுறது அப்புறம், தீங்கை விலக்குறதுதான் முதல்ல. ஜும்ஆவே ஆனாலும் சரி."

"ஹாஜியார் ஒத்துக்க மாட்டாரு."

"தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு ஜமாஅத் கூடிப் பேச வேண்டாம். பார்த்த ஆள் ஒருத்தர், நம்பிக்கையான ஆள், சொன்னா போதும், அத ஏத்துக்கணும். பார்த்தது நீங்கதான்." அவர் கை ஜபருல்லாவின் தோளைத் தொட்டது. நெருப்பாகச் சுட்டது. "என்கிட்ட சொன்னது பத்தாது. டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. ஓடுங்க பாய்… எனக்கும் சாகப் பயமா இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தைதான் ஜபருல்லாவை எழுப்பி விட்டது. ஹஜ்ரத்துக்குப் பயமா! இத்தனை பேருடைய ஜனாஸாத் தொழுகையில் முன்னால் நின்றவருக்கு! வராந்தாவில் ஓடிப் போய், நர்ஸ் தடுக்கத் தடுக்க டாக்டர் காயத்ரியின் அறைக்குள் புகுந்து, நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டினார். பெருச்சாளி, ஊதின வயிறு, அறுபது வாளி, தொட்டி, மூக்கில் ஏற்றுகிற தண்ணீர், காலையில் ஜெனிபரிடம் சொன்ன பொய் வரைக்கும்.

டாக்டர் பாதியிலேயே எழுந்துவிட்டார். "ஏங்க, நாங்க எத்தனை பேர்கிட்ட கேட்டோம்! சுத்தமான எடம், எலியே கிடையாதுன்னு அத்தனை பேரும் சத்தியம் பண்ணீங்களே!" என்று கத்திக்கொண்டே வார்டுக்கு நடந்தார். டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஊசியை ஆரம்பிக்கச் சொன்னார். பிறகு திரும்பி, "இத்ரீஸும் அந்தத் தண்ணிதானா?" என்றார்.

"ஆமாங்கம்மா."

"அவர் சேர்ந்த அன்னிக்கே இந்த ஊசி போட்டிருந்தா…" டாக்டர் முடிக்கவில்லை. முடிக்காமலே ஜபருல்லாவுக்குப் புரிந்தது. "நாளைக்கு ஒருத்தர் கூட அந்தத் தண்ணியைத் தொடக் கூடாது. காய்ச்சல் இருக்கிறவங்க எல்லாரும் உடனே இங்க வரணும். சொல்லிடுவீங்க இல்ல?"

சொல்வதாகத் தலையாட்டினார். கிணற்று வலைக்குத் தலையாட்டிய அதே தலை.

அன்று ராத்திரியும் விடியற்காலையும் தொழ வந்த நாலைந்து பேருக்குத் தெருக்குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தார். வெள்ளிக்கிழமை காலை முத்தவல்லி ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். பழைய இரும்பு வியாபாரி. ஆள் கெட்டவர் இல்லை, பெயருக்குப் பயந்தவர். "மைக்குல எலி கிலின்னு வாயத் தொறந்தீன்னா ஜில்லா முழுக்க நாறிப் போய்டும். பேப்பர்காரன் வருவான், கவர்மெண்டுக்காரன் எவனாவது வந்து சீல் வைப்பான். யாகூப்பு பயலுக்குத் தெரிஞ்சா உன்ன உயிரோட உடுவானா? நான் உன் நல்லதுக்கும் தான்யா சொல்றேன். ரெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் கொட்டு. கம்முனு இரு. அடுத்த வாரம் கெணத்த சுத்தமா எறைச்சுடலாம்."

"இன்னிக்கி வர்றவங்க, ஹாஜியார்?"

"ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது? மோட்டார் ரிப்பேர்னு போர்டு எழுதி வையி."

மோட்டார் ரிப்பேர் என்றால் யாரும் தொட்டியை விடப் போவதில்லை. தொட்டியில்தான் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறதே! அடி மதகைத் திறக்கலாம் என்று போனால் தகரம் துருப்பிடித்து அசையவில்லை. ஜபருல்லா சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். ஹாஜியார் பின்னாலேயே வந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். பவுடர் கொட்டியாயிற்று. மூக்கைத் துளைக்கிற நாற்றம். அது போதுமா, போதாதா, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், யாருக்குத் தெரியும்? டாக்டர் தொடவே கூடாது என்றுதானே சொன்னார்? ஜபருல்லா மளிகைக் கடையில் கேன் தண்ணீர் ஆறு வாங்கி வந்து ஒரு ஓரமாக வைத்தார். நானூறு பேருக்கு ஆறு கேன்!

பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சேற்றுக் காலோடு, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு. பொன்னேரியிலிருந்து ஹாஜியார் வரவழைத்திருந்த ஓர் ஆலிம் உள்ளே பிரசங்கத்துக்கு உட்கார்ந்திருந்தார். தொட்டி விளிம்பில் முதல் ஆள் குந்தினான். அப்புறம் நாலு பேர். ஜபருல்லா மைக் முன்னால் நின்றார். பாங்கு சொல்ல வேண்டிய நேரம். எதிரே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஹாஜியார் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

பாங்கை ஆரம்பித்தார். கொரோனா வந்த வருஷம் ஹஜ்ரத் கற்றுக் கொடுத்து, பாங்கின் முடிவில், இருக்கும் இடங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அரபியில் சேர்த்துச் சொன்னவர் இவர்தான். மழைக்கும் குளிருக்கும் நபி காலத்திலேயே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், நோய்க்குச் சொல்லக் கூடாதா என்று அன்று ஹஜ்ரத் கேட்டிருந்தார். ஜபருல்லா பாங்கை முடித்தார். மைக்கை அணைக்கவில்லை.

"யாரும் தொட்டித் தண்ணியத் தொடாதீங்க. வாயில ஊத்திக்கினவங்க துப்பிடுங்க. ஊட்டுக்குப் போய் ஒளு செஞ்சுகினு வாங்க. முடியாதவங்க ஊட்லயே தொழுதுக்குங்க, குத்தமில்ல. கெணத்துல பெருச்சாளி செத்து ஊதிக் கெடந்துச்சு. மூணு வாரம் ஆவுது. நான் பாத்தேன். பாத்துட்டு மறைச்சேன். அந்தக் காய்ச்சல் இந்தத் தண்ணிலேர்ந்து தான் வந்துச்சு. காய்ச்சல் இருக்கிறவங்க, கெண்டக்கால் வலி இருக்கிறவங்க ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயி எலித் தண்ணின்னு சொல்லுங்க, ஊசி போடுவாங்க. மூணு வாரத் தொழுகைய எல்லாரும் கழா செய்யணும். அந்தப் பாவம் என்னோடது. உங்களோடது இல்ல."

சிப்காட் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. தொட்டி ஓரத்தில் ஒருவன் வாய் நிறையத் தண்ணீரோடு திரும்பிப் பார்த்து, அப்புறம் தடுமாறித் துப்பினான். பின்பு ஒரே சத்தம். சிலர் திட்டினார்கள், சிலர் வீட்டுக்கு ஓடினார்கள், ஒருவன் ஓங்காரித்து வாந்தி எடுத்தான். ஹாஜியார் மைக் வயரைப் பிடுங்கியபோது சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. "பேஜாரு பண்ணிட்டியேய்யா, குடியக் கெடுத்துட்டியே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சற்று நேரத்தில் அவரே போய்த் தன் கடை ஆட்களை அனுப்பி, லாரியில் இன்னும் கேன் கொண்டுவரச் சொன்னார்.

பிரசங்கம் தொடங்கியது. ஜபருல்லா உள்ளே போகவில்லை. மைக்கில் சொன்னதைக் கேட்காமல் தாமதமாக வருகிற ஆட்கள் எப்போதும் உண்டு, ஷிப்டு முடித்துவிட்டு அரக்கப் பரக்க ஓடி வருவார்கள். அவர்களை யார் தடுப்பது? தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி முதலிலிருந்து சொன்னார். பெருச்சாளி, ஊதியிருந்தது, மறைத்தேன். ஒருவன் காறித் துப்பினான். ஒருவன் கேன் தண்ணீரில் கழுவிக்கொண்டு போனான். ஜும்ஆ அவருக்குத் தவறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் தவறியதே இல்லை. தீங்கை விலக்குவதுதான் முதலில் என்று ஹஜ்ரத் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஜுலைஹா. "அண்ணே, ஒண்ணுக்குப் போயிட்டாரு. கொஞ்சமாத்தான். ஆனா டாக்டரம்மா சிரிச்சாங்கண்ணே" என்றாள். அவருக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல் இருந்தது. அழ நேரமில்லை. கேட்டுக்குள் யாகூப் வந்துகொண்டிருந்தான்.

யாகூப் கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் காகிதங்கள். மில் கான்ட்ராக்டர் மேல் எழுதிக்கொடுத்துவிட்டு ஸ்டேஷனிலிருந்து நேராக வருகிறான். கவரை விளிம்பில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குக் குனிந்தான்.

ஜபருல்லா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாத தம்பி."

"இன்னா பாய்?"

எல்லாரிடமும் சொன்னதைவிட இவனிடம் ஒரு வரி அதிகமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரியை ஜபருல்லா முதலிலேயே சொல்லிவிட்டார். "உங்க அண்ணன் சாவுக்கு மில்லுத் தண்ணி காரணமில்ல. இந்தத் தண்ணி." பிறகு மிச்சத்தைச் சொன்னார். யாகூப் அசையவில்லை. மணிக்கட்டு அவர் பிடியிலேயே இருந்தது. உதற வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"அண்ணன் ஆஸ்பத்திரில இருக்கச்சொல்ல உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"சந்தேகம் இருந்துச்சு. அங்க ஒரு அம்மா சொன்னாங்க. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லிருந்தா பொழைச்சிருப்பாரா?"

உள்ளே பிரசங்கம் முடிந்து வரிசை சேருகிற சத்தம் கேட்டது. ஆண்டவன் நாட்டம் என்று சொல்லலாம். ஊரில் அப்படிச் சொல்லித்தான் ஆறுதல் தருவார்கள், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

"பொழைச்சிருப்பாரு" என்றார்.

யாகூப் கையை விடுவித்துக்கொண்டான். ஓங்கிவிடுவான் என்று ஜபருல்லா கண்ணை மூடினார். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் கேன் பக்கத்தில் குந்தியிருந்தான். ஜபருல்லா பதறிப் போய் மக்கில் தண்ணீர் எடுத்து அவன் கையில் ஊற்றப் போனார். அவன் மக்கை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் கவிழ்த்துவிட்டு, கேனைத் தானே சாய்த்துக் கழுவினான். வாய், மூக்கு, முகம், கை, கால், எதையும் விடவில்லை. நிதானமாக மூன்று மூன்று தடவை கழுவினான். தண்ணீரோடு என்னவெல்லாம் முகத்தில் வழிந்தது என்று சொல்ல முடியாது. அவரைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்றான். காகிதக் கவர் விளிம்பிலேயே கிடந்தது.

கேட்டில் இன்னும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜபருல்லா தொட்டிக்கு முன்னால் போய் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.